ஆய்வுக்கூடம் கற்பிக்கும் இரசாயனம்

பத்தாம் வகுப்பைக் கடந்து மேல்நிலைப் படிப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலருக்கு இரசாயனம் மலைப்பைத் தருகிறது. வேதியியல் என இன்றைய பாடநூல்கள் வழங்கும் இச்சாஸ்திரம் பௌதிக இரசாயனம், கனிம இரசாயனம், கரிம இரசாயனம் என மூன்று கிளைகளாக விரிகிறது. கணக்குகளும் சமன்பாடுகளும் வந்து குவிகின்றன. யாவற்றையும் நெட்டுருப் போட்டுவிடலாம் என்று எண்ணுவோர் சில மாதங்களிலேயே சோர்ந்துவிடுகின்றனர். பாடம் கடினமானது என்பது உண்மையே. ஆயினும் வகுப்பில் கேட்பதையும் ஆய்வுக்கூடத்தில் செய்வதையும் இணைத்துப் பாராமையே இச்சோர்வுக்குப் பெருங்காரணம்.

நம் நாட்டு மேல்நிலை மாணவர் பலர் செய்யும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் மூலக்கூறு எடை 126. அப்படிகத்தில் 1.575 கிராம் நிறுத்து, நீரில் கரைத்து 250 மில்லிலிட்டராக்கினால், லிட்டருக்கு 0.05 மோல் கொண்ட கரைசல் கிடைக்கும். மோல் என்பது யாது? டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.02214076 × 10²³. 2019 மே 20 முதல் இவ்வெண்ணே மோலின் வரையறையாக வழங்கி வருகிறது. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாது. ஆதலால், நாணயக் குவியலை நிறுத்தே எண்ணிக்கையை அறிவது போல, எடையைக் கொண்டு அவற்றை எண்ணுகிறோம்.

இக்கரைசலில் 20 மில்லிலிட்டரைக் குடுவையில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, சுமார் 60 டிகிரிக்குச் சூடேற்றி, பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். சூடேற்றுவானேன்? குளிர்ந்த நிலையில் வினை மெதுவாக நிகழும். முதற் சொட்டின் நிறம் மறையச் சற்று நேரமாகும். பின்னர் விடும் சொட்டுகள் விரைந்து மறையும். வினையில் விளையும் மாங்கனீஸ் அயனியே அவ்வினையை ஊக்குவிப்பதுதான் இதன் மர்மம். கந்தக அமிலமே வேண்டுவது ஏன்? ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் பெர்மாங்கனேட்டில் ஒரு பகுதி அதனோடு வினைபுரிந்து குளோரினை வெளியேற்றுவதில் வீணாகும். நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்ஸிகரணி. பெர்மாங்கனேட் செய்யவேண்டிய வேலையைத் தானும் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டிலும் அளவு பிழைபடும்.

மறையாத இளஞ்சிவப்பு தோன்றியவுடன் நிறுத்துகிறோம். பெர்மாங்கனேட்டின் ஒரு மூலக்கூறு 5 எலெக்ட்ரான்களை ஏற்கிறது. ஆக்சாலிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு 2 எலெக்ட்ரான்களை ஈகிறது. ஆகவே முன்னதில் இரண்டுக்குப் பின்னதில் ஐந்து ஈடாகும். இவ்விகிதத்தைக் கொண்டு பெர்மாங்கனேட்டின் செறிவைக் கணக்கிடலாம். 20 மில்லிலிட்டரே செலவாகியிருந்தால் அது லிட்டருக்கு 0.02 மோல். எண்ணும் கணக்கு, வினையின் வேகம், எலெக்ட்ரான் பரிமாற்றம் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே குடுவையில் அடங்கிவிட்டன!

இங்கே ஓர் எச்சரிக்கை. தம் அளவு 20.4 ஆக இருக்க, பக்கத்து மாணவருக்கு 20.0 வந்தது கண்டு அதையே ஏட்டில் எழுதிவிடுவோர் உண்டு. மதிப்பெண் கிடைக்கலாம், ஆயின் கண்ணால் கண்டதை நம்பும் துணிவு அன்றே போய்விடும்.

அத்துணிவின் பயனை ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராயின் வாழ்வில் காணலாம். கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், பாதரசத்தின் மீது குளிர்ந்த நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் செலுத்தி, மெர்க்குரஸ் நைட்ரேட் தயாரிக்க முயன்றார். எதிர்பாராத மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. பிழை நேர்ந்தது என்று அவற்றைக் கொட்டிவிடாமல் பகுத்து ஆராய்ந்தார். அவை மெர்க்குரஸ் நைட்ரைட் எனத் தெளிந்து, 1896-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். நைட்ரைட்டுகளைப் பற்றிய அவருடைய நீண்ட ஆராய்ச்சிகளுக்கு அதுவே வாயிலாயிற்று.

மாணவ நேயர்களே! உங்கள் குடுவையில் எதிர்பாராத நிறம் தோன்றினால் அஞ்சவேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். பின்னர் ஏன் என்று கேளுங்கள். பழுப்பு நிறம் படிந்ததா? அமிலம் போதாமலோ, சூடு குறைந்தோ மாங்கனீஸ் டையாக்ஸைடு உண்டாகியிருக்கலாம். இவ்வாறு காரணம் கண்டு கற்ற பாடம் தேர்வு முடிந்த பின்னரும் நெஞ்சில் நிற்கும்.