புகைக்கூண்டுக்குள் வேகும் கைகள்

ஊரில் எமது அடுப்படிப் புகை ஓட்டு இடுக்குகளால் தானே வெளியேறிவிடும். சிட்னி, மெல்பேர்ண் உணவகங்களிலோ அதற்கென உருக்குக் கூண்டும், எண்ணெய் வடிகட்டித் தட்டுகளும், கூரைவரை செல்லும் குழாயும், உச்சியில் மின்விசிறியும் உள்ளன. ஆவியோடு எழும் எண்ணெய் குழாயின் உட்புறத்தில் குளிர்ந்து படிந்து, நாளடைவில் தார்போல் இறுகுகின்றது. அடுப்புச் சுவாலை ஒருமுறை உள்ளே பாய்ந்தால் அப்படிவே எரிபொருளாகிவிடும். விசிறியின் இழுவையில் தீ கூரையை எட்டும். எனவே, அதனைக் காலந்தோறும் சுரண்டிக் கழுவ வேண்டியுள்ளது.

உணவகம் மூடிய பின் நள்ளிரவில் நடைபெறும் இவ்வேலைக்கு எம்மவர் பலரும் செல்கின்றனர். அண்மையில் ஹோம்புஷ்ஷில் எமது முன்னாள் மாணவர் ஒருவரைச் சந்தித்தோம். அவரது முன்கை வெந்திருந்தது. கழுவுதிரவம் கையுறைக்குள் வடிந்துவிட்டதாம். வைத்தியரிடம் போகவில்லையா என வினவினோம்.

"விசாவுக்குப் பிரச்சினை வந்தால் என்ன செய்யிறது சேர்? ஏபிஎன் இலக்கத்திலை வேலை செய்யிறபடியால் காயம் என்ரை பொறுப்பெண்டு சொல்லிப்போட்டினம்" என்றார்.

இந்த அச்சமே காயத்தைவிட எம்மை வருத்தியது. நியூ சவுத் வேல்ஸின் 2011ஆம் ஆண்டு வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம் 'தொழிலாளி' என்னும்போது ஒப்பந்தக்காரரையும் உள்ளடக்குகின்றது. உடனடியான கடும் ஆபத்து உண்டென நியாயமாக அஞ்சுபவர் வேலையை நிறுத்தவும் அச்சட்டம் இடமளிக்கின்றது. விக்ரோறியாவின் 2004ஆம் ஆண்டுச் சட்டமும் ஒப்பந்தக்காரரைக் கைவிடவில்லை. விசா நிபந்தனை மீறப்பட்டிருப்பினும் நியாய வேலைச் சட்டம் ஊழியருக்கு வழங்கும் சம்பள உரிமைகள் அற்றுப்போகா என்பதை 2023 யூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம் தெளிவாக்கியது.

கழுவுதிரவங்கள் பலவற்றில் எரிசோடா, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு, உண்டு. அது தொட்டவுடன் வலிக்காமலே தசையுள் இறங்கக்கூடியது. கண்ணிற் பட்டால் பார்வையையும் பறிக்கலாம். அலுமினியத் தட்டுகளில் ஊற்றினால் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிவரும். ஆகவே முழங்கையை மூடும் கையுறை, கண்கவசம், முகக்கவசம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். எரிவாயுவையும் விசிறியின் மின்சாரத்தையும் துண்டித்துப் பூட்டிய பின்னரே தொடங்குங்கள். குழாய்க்குள் தனியே நுழையாதீர்கள். திரவம் பட்டால் நனைந்த உடையைக் களைந்து, குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரிற் கழுவுங்கள். நஞ்சு தொடர்பான ஆலோசனையை 13 11 26 என்ற இலக்கத்திற் பெறலாம். தமிழில் உரையாட உரைபெயர்ப்புச் சேவை 131 450 இல் உண்டு.

எமது மாணவர் மறுநாள் எம்முடன் வைத்தியரிடம் வந்தார். அவரைப்போல் காயத்தைச் சட்டைக்கையால் மறைத்துத் திரிவோர் ஹோம்புஷ்ஷிலும் டண்டினோங்கிலும் இன்னும் இருப்பர். இதனை வாசிக்கும் அன்பர்கள் அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.