தட்டில் பாதி காய்கறி, பையில் நான்கு வெள்ளி

பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்தால் எடை கூடாமல் இருக்காது என்று மூத்த மாணவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். என் விடுதியிலும் முதலாண்டு முடிவதற்குள் பலருக்குப் பழைய ஜீன்ஸ் பொருந்தவில்லை. என் உடல் எடைக் குறியீட்டெண் 26ஐத் தாண்டியிருந்தது. ஆசியர்களுக்கு 23ஐ எட்டினாலே நீரிழிவு, இதயநோய் அபாயம் கூடுவதாகக் கணக்கிடுகிறார்கள். அப்பா நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்; பாட்டிக்கு இன்சுலின் ஊசி. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே இந்நோய் அதிகம். ஆகவே, ஜீன்ஸைவிடப் பெரிய கவலை எனக்கு இருந்தது.

விடுதி அறையில் சமைக்க அனுமதி இல்லை. வெளியே விற்கும் சாலட் என் செலவுக்குக் கட்டுப்படியாகாது. எனவே உணவகத்தில் இருப்பதை வைத்தே சமாளிக்க வேண்டும்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கும் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு முழுதானியம், மீதிக் கால்பங்கு மீன், கோழி, பருப்பு போன்ற புரதம் இருக்கவேண்டும். இதற்கு மிக அருகில் வருவது, வேண்டியதைச் சுட்டிக்காட்டி வாங்கும் ‘எகனாமி ரைஸ்’ கடைதான். இரண்டு காய்கறி, ஒரு மீன் அல்லது தவ்ஹு, பாதிச் சோறு. எனக்கு நான்கு வெள்ளிக்குள் முடிந்துவிடுகிறது. பழுப்பரிசிச் சோறு இருந்தால் கேட்டு வாங்குவேன். ஆனால் கத்திரிக்காயைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கத் தயக்கமாக இருக்கும். பொரிக்கும்போது அது எண்ணெயை உறிஞ்சுவதைப்போல வேறெந்தக் காயும் உறிஞ்சாது. சோற்றின்மேல் ஊற்றும் குழம்பையும் தவிர்க்கிறேன். முதல்நாள் ‘நோ கிரேவி’ என்றதும் கடைக்கார ஆன்ட்டி, “ஆ பாய், இனஃப் ஆ?” என்று கேட்டார். இப்போது கேட்காமலேயே ஒரு கரண்டி கீரை கூடுதலாக வைக்கிறார்.

உண்மையில் பெரிய வேறுபாடு தெரிந்தது பானங்களில்தான். நாளுக்கு மூன்று ‘தே’ குடிப்பவன் நான். அதில் சேர்க்கும் கெட்டிப்பாலிலேயே சர்க்கரை நிறைய இருக்கிறது. ‘தே சியு டாய்’ என்றால் இனிப்பு குறையுமே தவிர, இல்லாமல் போகாது. ‘தே சி கோசோங்’ கேட்டால், இனிப்பில்லாத ஆவிப்பால் மட்டும் சேர்ப்பார்கள். முதல் வாரம் கஷாயம் குடிப்பதுபோல் இருந்தது. மூன்றாம் வாரத்தில் அம்மா வீட்டில் போட்ட டீ எனக்குத் திகட்டியது. பெட்டி, போத்தல் பானங்களுக்கு 2022 இறுதியிலிருந்து ‘நியூட்ரி-கிரேட்’ தரக்குறியீடு இருக்கிறது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘டி’. ஓராண்டுக்குப் பிறகு பபிள் டீ போன்ற, கடையில் தயாரிக்கும் பானங்களுக்கும் அது வந்தது. படிக்க ஒரு விநாடி போதும். படித்தபின் வாங்க மனம் வருவதில்லை.

உடற்பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. வளாகப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே வகுப்புக்குப் போய்விடலாம்.

சாப்பிடாமல் இருப்பதைத்தான் நான் நம்பவில்லை. என் அறைத்தோழன் மதியம் வெறும் காப்பியோடு நிறுத்திக்கொள்வான். இரவு 12 மணிக்கு அவன் பரோட்டாக் கடைக்குக் கிளம்பும்போது, ஒன்றோடு நிறுத்தியதை நான் பார்த்ததே இல்லை. அவனிடம் ‘ஏண்டா’ என்று கேட்டால் ‘காலையிலிருந்து சாப்பிடலையே’ என்பான். கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் இருக்கிறது!

நான்கு மாதங்களில் எனக்கு 5 கிலோ குறைந்துள்ளது. சில வாரங்களில் முள் அசையவே இல்லை. தேர்வு வாரத்தில் ஒரு கிலோ ஏறியது. வெள்ளிக்கிழமை இந்திய உணவுக் கடையில் பிரியாணி போடுவார்கள். அன்று ஆன்ட்டியின் கடைப் பக்கம் நான் போவதில்லை. திங்கட்கிழமை போனால், “ஃபிரைடே நெவர் கம் ஆ?” என்று விசாரிப்பார்.