நெல் புழுக்கும் பாயிலரின் அழுத்தமானியைக் கைப்பம்பினால் சோதித்தல்

முத்துப்பேட்டைப் பிரதேசம் கோரையாறும் பாமணியாறும் கடலைச் சேரும் கடைமடை நாடு. சம்பா நெல் களத்திற்கு வரும் தை, மாசி மாதங்களில் காவிரிப் பாசன நாட்டின் புழுங்கலரிசி ஆலைகள் ஓய்வின்றி நடக்கும். அக்காலத்தில் பாயிலருக்கு உமி தள்ளுகிறவர் நம்பியிருப்பது அழுத்தமானியின் முள் ஒன்றையே. சேப்டி வால்வு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அவ்வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கவேண்டுமென்று அமைப்பதும் அந்த முள்ளைப் பார்த்துத்தான். ஆகையால் முள் குறைத்துக் காட்டுமாயின் காவலும் கூடவே தவறிப்போகிறது.

மானியினுள் வளைந்த உலோகக்குழல் ஒன்று உண்டு. பிரான்சு தேசத்து யூஜீன் போர்டான் 1849-இல் உரிமை பெற்ற அமைப்பு இது. அழுத்தம் ஏறினால் குழல் சற்று நிமிரும். அந்நிமிர்வே முள்ளைச் சுழற்றும். சுடுநீராவி நேரே புகுந்தால் குழலின் முறுக்கு தளர்ந்துவிடும் என்பதால், இடையே வளைந்த குழாயில் நீர் தங்கும்படி செய்திருக்கிறார்கள். உப்புச்சுவை மிகுந்த கிணற்றுநீரைப் பாயிலருக்கு விடும் கடலோர ஆலைகளில் இவ்வளைவில் படிவு அடைத்துக்கொள்வது எளிது. பாயிலர் ஆறியபின் முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றால் மானி சரியாயிருக்கிறதென்று எண்ணுதல் பெரும் பிழை; பூஜ்யத்தில் நேராக நின்று, மேலே போகப்போகப் பிசகும் மானிகள் உண்டு.

இதனை அறியக் கையடக்கமான நீரழுத்தப் பம்பு உதவும். முதலில் பாயிலரை முற்றிலும் ஆறவிட்டு, அழுத்தம் இல்லையென்று வடிகுழாயைத் திறந்து பார்த்து நிச்சயித்த பின்னரே மானியைக் கழற்றவேண்டும். பம்பின் ஒரு வாயில் இதனையும், மறு வாயில் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்தின் சான்றுள்ள மாதிரி மானியையும் ஒரே உயரத்தில் பொருத்துக. மாதிரி மானி சோதிக்கப்படுவதைவிட நான்கு மடங்கேனும் நுட்பமாயிருத்தல் நலம்.

தொட்டியில் சுத்தமான நீர் நிரப்பி, விடுவிப்பு வால்வைத் திறந்துவைத்துக் குமிழி வருவது நிற்கும்வரை கைப்பிடியை மெல்ல அசைக்கவேண்டும். உள்ளே காற்றுத் தங்கினால் எத்தனை முறை அழுத்தியும் முள் தயங்கும். அன்றியும் அமுங்கிய காற்று வெடித்துப் பாயக்கூடியது. நீரோ ஏறக்குறைய அமுங்காதது. இணைப்பு கழன்றால் அழுத்தம் உடனே விழுந்துவிடும். இதனாலேயே இவ்வேலைக்குக் காற்றைவிட நீர் உகந்தது.

வால்வை மூடி ஒவ்வொரு கிலோவாக ஏற்றுக. குறிக்கு அருகில் வந்ததும் கைப்பிடியை விட்டு நுண்திருகினால் நிறுத்தி, சிறிது பொறுத்து, கண்ணாடியை விரலால் இலேசாகத் தட்டியபின் இரு மானிகளையும் படிக்கவேண்டும். வேலைசெய்யும் அழுத்தத்தைத் தாண்டி இரண்டொரு குறிகள் வரை போகலாம். ஆனால் மானியின் கடைசி எண்ணைத் தாண்டலாகாது. பிறகு அதே குறிகளில் இறக்கிக்கொண்டே மறுபடியும் படிக்கவும். ஏறும்போதும் இறங்கும்போதும் எண் வேறுபட்டால் குழலிலோ பற்சக்கரத்திலோ தளர்ச்சி உண்டென்பது பொருள். அழுத்தம் தானே இறங்கினால் மானியைக் குறைகூறுமுன் இணைப்புகளில் நீர்க்கசிவு பார்க்கவேண்டும்.

உதாரணமாக, மாதிரி மானி 7 கிலோ காட்டும்போது ஆலை மானி 6.4 காட்டுகிறதென்று கொள்வோம். 7-க்கு மேற்படக்கூடாத பாயிலரில் தொழிலாளி முள்ளை 7 வரை விட்டால் உண்மையில் ஏறக்குறைய 7.6 ஆகியிருக்கும். கூட்டிக்காட்டும் மானியால் உமிதான் நஷ்டம்; குறைத்துக்காட்டும் மானியால் உயிர் நஷ்டம். அத்தகைய மானியை முள்ளைப் பிடுங்கித் திருத்திவைக்கும் வழக்கத்தை விட்டொழித்து, புதிதாக மாற்றுதலே முறை.

கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவான கலங்களோ, சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைந்த அழுத்தத்துக்கென அமைத்து அவ்வாறே நடத்தப்படும் கலங்களோ கொதிகலச் சட்டத்தில் சேரா. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் வந்த சட்டத்திலும் இவ்விலக்கு உண்டு. ஆய்வாளர் வந்து பார்க்காத சிறு புழுக்கற்கலங்களில் அழுத்தம் ஒரு கிலோவுக்குக் குறைவு என்று சொல்வதும் அந்த மானியே என்பதைக் கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டும். சோதித்த தேதி, ஏறிய எண், இறங்கிய எண், மாதிரி மானியின் சான்றெண் ஆகியவற்றை ஆலைப் புத்தகத்தில் எழுதி, அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது போதுமானது.