ராமாவரம் தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம்

நசரத்பேட்டை என்பது எங்கள் ஊர். சென்னைக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில், பூந்தமல்லியை அடுத்து இருக்கிறது. இங்கிருந்து பூந்தமல்லிக்குப் போய், கிண்டி பஸ்ஸில் ஏறினால் காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர் எல்லாம் தாண்டிய பிறகு ராமாவரம் தோட்டம் வரும். எம்.ஜி.ஆர். வாழ்ந்த இடம் அது. அந்தத் தோட்டத்துக்குள் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளுக்கான பள்ளி.

ஒரு சினிமா நடிகரின் தோட்டத்தில் இப்படி ஒரு பள்ளி எப்படி வந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போமா?

எம்.ஜி.ராமச்சந்திரன் 1917-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி இலங்கையில் கண்டிக்கு அருகில் உள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய் சத்யபாமா பிள்ளைகளுடன் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆனையடிப் பள்ளியில் படித்த ராமச்சந்திரனால் மூன்றாம் வகுப்பைத் தாண்ட முடியவில்லை. காரணம், வறுமை. உங்களில் பலர் இப்போது படிக்கும் வகுப்பைவிட அது சின்ன வகுப்பு, பாருங்கள்! அண்ணன் சக்கரபாணியும் அவரும் 'மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி' என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார்கள். நடித்தால் சாப்பாடு கிடைக்கும் அல்லவா?

அந்தக் கால நாடகத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும், பேச வேண்டும். பையன்களுக்கு 13, 14 வயதில் குரல் உடையும். இதை 'மகரக்கட்டு' என்பார்கள். குரல் உடைந்தால் கதாநாயகன் வேஷம் போய்விடும். நடிகனுக்குக் குரல்தான் சொத்து என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அப்போதே தெரியும்.

1936-ல் 'சதிலீலாவதி' படத்தில் ஒரு சின்ன வேடம் கிடைத்தது. கதாநாயகன் ஆவதற்கு இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். அந்த நாட்களில் அவர் கதர் கட்டிய காங்கிரஸ்காரர். பிறகு அண்ணாவின் எழுத்தாலும் பேச்சாலும் ஈர்க்கப்பட்டு 1953-ல் தி.மு.க.வில் சேர்ந்தார். படங்களில் மீனவராக, விவசாயியாக, ரிக்‌ஷா ஓட்டுபவராக நடித்தார். ஏழைகள் 'இவர் நம்ம ஆள்' என்று நினைத்தார்கள். கை ரிக்‌ஷா இழுத்தவர்கள் மழையில் நனைவதைப் பார்த்து அவர்களுக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்ததும் உண்டு. அவர் முகத்தைக் காட்டினாலே ஓட்டு விழும் என்ற பொருளில் அண்ணா சொன்னது அந்தக் காலத்தில் பிரபலம்.

அது உண்மைதானா என்று பார்க்கும் நாளும் வந்தது.

1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி, ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டவர் சக நடிகரான எம்.ஆர்.ராதா. ராதாவும் குண்டுக் காயத்துடன்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். நல்லவேளை, இருவருமே பிழைத்தார்கள். வழக்கு நடந்து ராதாவுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவரும் பெரிய நடிகர். அவர் கதையை இன்னொரு வாரம் சொல்கிறேன்.

குண்டு பாய்ந்தது எம்.ஜி.ஆரின் கழுத்தில். அடுத்த மாதம் தேர்தல். பரங்கிமலைத் தொகுதியில் அவர் வேட்பாளர். மேடை ஏறவும் முடியாது, பேசவும் முடியாது. கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் படத்தைச் சுவரொட்டியாக அச்சடித்து ஊர் ஊராக ஒட்டினார்கள். 27 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் அவர் வென்றார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்து, அண்ணா முதல்வரானார்.

ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. ஒரு காதும் சரியாகக் கேட்காமல் போயிற்று. பாதியில் நின்றிருந்த 'காவல்காரன்' படத்தை முடிக்க வேண்டும். வேறு ஒருவரைக் குரல் கொடுக்க வைக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எம்.ஜி.ஆர். ஒப்புக்கொள்ளவில்லை. உடைந்த குரலிலேயே பேசினார். ஜனங்கள் அந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள். மேலும் பத்தாண்டுகள் அதே குரலில் படங்கள் வந்தன. என்னைக் கேட்டால், அவர் படங்களில் போட்ட கத்திச் சண்டை அத்தனையையும்விடப் பெரிய துணிச்சல் இதுதான்.

1972-ல் தி.மு.க.வில் இருந்து நீக்கப்பட்டார். அந்த அக்டோபர் 17-ந் தேதி அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1977-ல் முதலமைச்சர்.

அவர் ஆட்சியில் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியது 1982 ஜூலை 1-ந் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டம். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் அதைத் தொடங்கி வைத்தார். பள்ளியில் மதிய உணவை முன்பே காமராஜர் கொண்டு வந்திருந்தார். இது அதைவிடப் பெரிய அளவில், பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. முதலில் கிராமங்களில், பிறகு நகரங்களில். இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. பசி என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்பதுதான் அவர் பதில்.

அப்போது நான் ஆசிரியர் வேலைக்குப் புதிது. முதல் நாள் சோறு போட்டபோது ஒரு பையன் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைத் துணியால் மூடி வைத்தான். "ஏண்டா?" என்றேன். "தம்பிக்கு, சார்" என்றான். தம்பிக்கும் பால்வாடியில் சோறு உண்டு என்று சொன்ன பிறகுதான் மீதியைச் சாப்பிட்டான்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. திரையில் குடிக்காத நாயகனாகவே நடித்த அவரது ஆட்சியில்தான் 1981-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. தலைவர்களைப் பற்றிப் படிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1984 அக்டோபரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது, சிறுநீரகமும் கெட்டது. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சிகிச்சை. அந்த நேரம் பார்த்துத் தேர்தல்! அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று ஊரெல்லாம் சந்தேகம். மருத்துவமனையில் அவர் இருக்கும் வீடியோவை எடுத்து வந்து தமிழ்நாட்டில் போட்டுக் காட்டினார்கள். ஒரு நாள்கூடப் பிரசாரம் செய்யாமல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மீண்டும் முதல்வரானார். ஆனால் இந்த முறை பேச்சு தெளிவாக வரவேயில்லை. லட்சம் பேர் கூடிய மேடையில் கையெடுத்துக் கும்பிடுவதும், இரண்டு விரலை உயர்த்திக் காட்டுவதும்தான் அவருடைய பேச்சாக இருந்தது.

மனதில் நினைப்பதை வாயால் சொல்ல முடியாமல் போவது எப்படி இருக்கும் என்பது அவருக்கு இரண்டு முறை தெரிந்துவிட்டது. 1987-ல் எழுதிய உயிலில், ராமாவரம் தோட்டத்தில் காது கேளாத, வாய் பேச இயலாத குழந்தைகளுக்காகப் பள்ளி அமைய வேண்டும் என்று குறிப்பிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி இறந்தார். 1988-ல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. உயிலில் சொன்னபடியே தோட்டத்தில் பள்ளியும் வந்தது.

இத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தொண்டையில் எந்தக் குறையும் இருக்காது. காதில் ஒலி விழாததால் பேச்சைக் கற்க வழியில்லாமல் போகிறது, அவ்வளவுதான். நாமெல்லாம் அம்மா பேசியதைக் கேட்டுத்தானே பேசினோம்? அதனால் இவர்களுக்குக் கற்பிக்கும் விதமே வேறு. சைகை மொழி உண்டு, காதுக் கருவி உண்டு. கண்ணாடி முன் உட்கார வைத்து உதடு அசைவதைக் காட்டுவதும் உண்டு. பிள்ளையின் கையை எடுத்து, ஆசிரியர் தன் தொண்டையில் வைத்துக்கொள்வார். "அம்மா" என்பார். அந்த அதிர்வைக் கை உணரும். பிறகு பிள்ளை தன் தொண்டையில் கையை வைத்து, அதே அதிர்வு வரும்வரை முயன்று பார்க்கும். சில பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லுக்கே பல மாதங்கள் ஆகும்.