மின்சாரத்தைத் தானே விநியோகிக்கும் நகரம்

மின்சாரம், குடிநீர், கழிவு நீர் அகற்றுதல் ஆகிய மூன்றும் இன்றி எந்த நகரமும் ஒரு நாள்கூட இயங்க இயலாது. இவற்றை நடத்தும் பொறுப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்பது நகர நிர்வாகத்தில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினாவாகும். நம் நாட்டில் பெரும்பாலான நகரங்களில் மின் விநியோகம் மாநில அளவிலான நிறுவனங்களிடம் உள்ளது. மும்பையில் 1947 முதல் மாநகராட்சியின் ‘பெஸ்ட்’ நிறுவனம் நகரின் ஒரு பகுதிக்கு மின்சாரம் வழங்கி வருகிறது. ஆனால் ஒரு நடுத்தர நகரம் தானே இப்பொறுப்பை ஏற்று நடத்துவது அரிது. கேரளத்தில் மின் விநியோக உரிமம் பெற்ற ஒரே உள்ளாட்சி அமைப்பு திருச்சூர் மாநகராட்சியாகும்.

கிளர்ச்சியில் பிறந்த கேள்வி

1936ஆம் ஆண்டில் கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றவரும் இவரே. திருச்சூர் நகரின் மின் விநியோகத்தை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க அவரது அரசு முடிவு செய்தது. நகர மக்கள் இதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். டாக்டர் ஏ. ஆர். மேனன், இக்கண்ட வாரியர், சி. ஆர். இய்யுண்ணி போன்றோர் தலைமை தாங்கினர். வணிகர்களும் பொதுமக்களும் சமய வேறுபாடின்றிப் பங்கேற்ற இப்போராட்டம், கொச்சியின் அரசியல் விழிப்புணர்வில் ஒரு முக்கியக் கட்டமாகக் கருதப்படுகிறது. 1937இல் நகரில் மின் விநியோகம் தொடங்கியது. பிற்காலத்தில் விநியோகம் நகராட்சியின் கைக்கே வந்து சேர்ந்தது.

1948ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டத்திற்குப் பின்னர் மாநிலந்தோறும் மின் வாரியங்கள் அமைந்தன. கேரள மாநில மின் வாரியம் 1957இல் தோன்றியது. சிறிய உரிமதாரர்கள் பலர் இவ்வாரியங்களுடன் இணைந்துவிட்ட போதிலும், திருச்சூர் தன் உரிமையைக் கைவிடவில்லை.

மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றல்

மாநகராட்சியின் மின் துறை மாநில மின் வாரியத்திடமிருந்து உயர் அழுத்தத்தில் மின்சாரத்தை மொத்தமாக வாங்குகிறது. அதனை மின்மாற்றிகளின் மூலம் படிப்படியாக அழுத்தம் குறைத்து, 230 வோல்ட் அளவில் வீடுகளுக்கு வழங்குகிறது. கம்பம் நடுதல், பழுது பார்த்தல், மீட்டர் கணக்கெடுத்தல், கட்டணம் வசூலித்தல் ஆகிய அனைத்தும் நகரின் பொறுப்பே.

இத்தொழிலின் ஆதாயம் நகரின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. நுகர்வோர் நெருங்கி வாழும் இடத்தில் மின் கம்பியின் நீளம் குறைவு. எனவே வழியில் ஏற்படும் இழப்பும் குறைவு. நகைக் கடைகளும் வங்கிகளும் நிறைந்த இவ்வணிக நகரில், உயர்ந்த கட்டணம் செலுத்தும் வாணிப இணைப்புகளும் மிகுதி. மலைப்பகுதிகளுக்கும் தொலைதூரக் கிராமங்களுக்கும் கம்பி இழுக்கும் சுமை மின் வாரியத்திற்கு உண்டு. நகருக்கு அது கிடையாது.

இங்கு ஒரு நியாயப் பிரச்சினை எழுகிறது. வளமான நுகர்வோரை நகரமே வைத்துக்கொண்டால், கிராமத்து ஏழை நுகர்வோரின் சுமையைத் தாங்குவது யார்? கேரள மாநில மின் ஒழுங்குமுறை ஆணையம் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. சில்லறைக் கட்டணம் மாநிலம் முழுவதும் ஒரே சீராக இருக்கும். ஆனால் உரிமதாரர்கள் மின்சாரம் வாங்கும் மொத்த விலை, அவரவர் நுகர்வோரின் தன்மைக்கேற்ப வேறுபடும். இவ்வாறு நகரின் ஆதாயத்தில் ஒரு பகுதி மாநிலத்தின் பொது நலனுக்குத் திரும்புகிறது.

எல்லை விரிந்தது, உரிமம் விரியவில்லை

2000ஆம் ஆண்டில் அண்டை ஊராட்சிகள் இணைக்கப்பட்டுத் திருச்சூர் மாநகராட்சியாயிற்று. அதன் பரப்பு சுமார் 101 சதுர கிலோமீட்டர். ஆயினும் மின் துறையின் எல்லை, சுமார் 12 1/2 சதுர கிலோமீட்டர் கொண்ட பழைய நகராட்சிப் பகுதியோடு நின்றுவிட்டது. எஞ்சிய பகுதிக்கு மாநில வாரியமே மின்சாரம் வழங்குகிறது. ஒரே மாநகராட்சிக்கு வரி செலுத்தும் இருவர், மின் தடை குறித்து முறையிட வெவ்வேறு அலுவலகங்களை நாட வேண்டியுள்ளது.

குடிநீரும் கழிவு நீரும்

நகரின் குடிநீர் பெரும்பாலும் பீச்சி அணையிலிருந்து வருகிறது. மணலி ஆற்றின் மீது எழுந்த இவ்வணை பாசனத்திற்கும் குடிநீருக்கும் பயன்படுகிறது. 1984இல் அமைக்கப்பட்ட கேரள நீர் ஆணையம் மாநில அளவில் குடிநீர்ப் பொறுப்பை ஏற்றுள்ளது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வகுத்த பன்னிரண்டாம் அட்டவணையில் குடிநீர் வழங்கலும் துப்புரவும் தெரு விளக்கும் நகராட்சிப் பணிகளாக இடம்பெற்றுள்ளன. மின் விநியோகம் அதில் இல்லை. அட்டவணையில் உள்ள குடிநீரில் மாநில ஆணையத்தின் கை ஓங்கி நிற்க, அட்டவணையில் இல்லாத மின்சாரத்தை நகரம் நடத்துவது ஒரு விந்தையே.

இம்மூன்று பணிகளும் தனித்தனியானவை போலத் தோன்றினும் ஒன்றையொன்று சார்ந்தவை. நீரை இறைக்க மின்சாரம் வேண்டும். வழங்கப்படும் நீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவு நீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் கணக்கு. நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வழங்கினால் 108 லிட்டரை அகற்றியாக வேண்டும். ஆனால் வருவாயில் இவை வேறுபடுகின்றன. கட்டணம் செலுத்தாதவரின் மின் இணைப்பைத் துண்டிக்கலாம். குடிநீரை அவ்வாறு எளிதில் நிறுத்த இயலாது. கழிவு நீரை நிறுத்தினால் அண்டை வீட்டாரே முதலில் பாதிக்கப்படுவர். கேரள நகரங்கள் இன்றும் பெரும்பாலும் வீட்டுக் கழிவுத் தொட்டிகளையே நம்பியிருப்பதற்கு, பாதாளச் சாக்கடையின் பெரும் முதலீடும் குறைந்த வருவாயும் முக்கியக் காரணங்களாகும்.

கணக்கே காவல்

எனவே தன் பணிகளைத் தானே நடத்த விரும்பும் நகரத்திற்கு முதல் தேவை தனித்தனிக் கணக்கு. மின்சாரத்தில் மிஞ்சும் தொகையைச் சாலைக்கும் கட்டடத்திற்கும் செலவிடுவது எளிது. ஆனால் தேய்மானத்திற்கு ஒதுக்கீடு செய்யாவிடில், மின்மாற்றி பழுதடையும் நாளில் கையிருப்பு இராது. இரண்டாவது தேவை, தேர்தல் நோக்கின்றி நிர்ணயிக்கப்படும் கட்டணம். மூன்றாவது, பயிற்சி பெற்ற நிலையான பணியாளர்கள்.

1936இல் திருச்சூர் மக்கள் எழுப்பிய வினா, விளக்கு யாருடையது என்பதாகும். நகரம் அதற்கு விடை கண்டுவிட்டது. அவ்விளக்கு அணையாமல் எரியத் தேவையான செலவை ஆண்டுதோறும் நேர்மையாகக் கணக்கிட்டு மக்கள் முன் வைப்பது, அந்த உரிமையோடு வந்த கடமையாகும்.