பூனைக்கு நீர்க்கட்டு... ஒருநாள் தாமதமும் ஆபத்து!

தவிடும் அடர்தீவனமும் அதிகமாகத் தின்று, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் வெள்ளாட்டுக் கிடாவுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைப்பது ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். வீட்டில் எலி பிடிக்கும் பூனைக்கும் இதே சிக்கல் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பூனை மூலையில் உட்கார்ந்து முக்கினால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது ஆண் பூனையாக இருந்தால், காத்திருக்கும் நேரத்திலேயே உயிர் போய்விடக்கூடும்.

ஏன் வருகிறது?

வீட்டுப் பூனையின் மூதாதை, வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. அது தனக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதியை இரையிலிருந்தே எடுத்துக்கொண்டது. எலியின் உடலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் பூனைக்குத் தாக உணர்வு குறைவு. சிறுநீரும் அடர்த்தியாக இருக்கும். கடையில் விற்கும் உலர் தீவனத்தில் ஈரம் சுமார் 10 சதவிகிதம்தான். அதை மட்டும் தின்னும் பூனை, குறையும் தண்ணீரை முழுதாகக் குடித்து ஈடுகட்டுவதில்லை. சிறுநீர் மேலும் அடர்த்தியாகி, தாது உப்புகள் மணல்போலப் படிகின்றன.

எல்லாப் பூனைக்கும் கல்தான் காரணம் என்றில்லை. இந்தச் சிக்கல் வரும் இளம் பூனைகளில் பாதிக்கு மேல், கிருமியோ கல்லோ இல்லாமலே சிறுநீர்ப்பை அழற்சி வருகிறது. வீடு மாறுதல், புதிதாக வந்த பூனை, பட்டாசுச் சத்தம் போன்றவற்றால் ஏற்படும் பயமும் அதைத் தூண்டும். ஆகவே, தாங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை.

அறிகுறிகள்

அடிக்கடி மணலுக்குப் போய்ச் சொட்டுச் சொட்டாகக் கழித்தல், கழிக்கும்போது கத்துதல், ரத்தம் கலந்த சிறுநீர், பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே இருத்தல், குளியலறைத் தரையில் கழித்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நீளமானது, குறுகலானது. அது முழுதாக அடைத்துவிட்டால் ரத்தத்தில் யூரியாவும் பொட்டாசியமும் ஏறும். வாந்தி, சோர்வு வந்து, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடலாம். முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றே, அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்குவார்கள். வயிற்றை அழுத்திப் பார்க்கவே கூடாது. பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

உணவும் பராமரிப்பும்

4 கிலோ எடையுள்ள பூனைக்கு, உணவில் உள்ளதையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் தேவை.

• உலர் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

• உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியையோ மீனையோ, வெந்த தண்ணீரோடு சேர்த்துக் கொடுக்கலாம். மீனை மட்டுமே தினமும் கொடுக்கக் கூடாது. வெறும் சோறும் பாலும் பூனைக்குப் போதாது. அதற்கு இறைச்சி உணவு கட்டாயம்.

• கருவாட்டில் உப்பும் தாதுக்களும் மிக அதிகம். அதைத் தவிர்க்கவும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பும் கூடாது.

• வாயகன்ற கிண்ணங்களில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றவும். மணல் தட்டிலிருந்து தள்ளி வைக்கவும்.

• மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யவும். இரண்டு பூனை இருந்தால் மூன்று தட்டு நல்லது.

• எடை கூடாமல் பார்த்துக்கொள்ளவும். விளையாட்டும் ஓட்டமும் வேண்டும்.

வாசகர் கேள்விகள்

வள்ளூர், மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. பூனைக்குக் கல் வர அதுதான் காரணமா?

இந்த வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவியிருப்பது உண்மை. ஆனால், பூனையின் உடலில் சேரும் தாதுக்களில் பெரும்பகுதி தீவனத்திலிருந்தே வருகிறது. தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உப்புக்கரிக்கும் தண்ணீரைப் பூனை குறைவாகக் குடிக்கும் என்பதே கவலை. வீட்டார் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் வைப்பது நல்லது.

வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சிக் கஷாயம், எலுமிச்சை கொடுக்கலாமா?

கூடாது. அடைப்பு இருக்கும்போது சிறுநீரைப் பெருக்கினால் சிறுநீர்ப்பை மேலும் வீங்கும். கல்லிலும் இரண்டு முக்கிய வகை உண்டு. ஸ்ட்ரூவைட் கல்லை மருத்துவர் சொல்லும் தனித் தீவனத்தால் கரைக்கலாம். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். சிறுநீரைப் புளிப்பாக்குவது முதல் வகைக்கு உதவும். இரண்டாவது வகைக்கு இடம் கொடுத்துவிடும். எந்த வகை என்பதை சிறுநீர்ப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலோ, வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். அடைப்பு நீங்கிய பூனைக்கு அது திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்பதால், ஈர உணவைத் தொடர்ந்து கொடுத்து, தினமும் சிறுநீர் கழிக்கிறதா என்று கவனித்துவர வேண்டும்.