புள்ளிவிவரத்தை நம்பிப் பணம் கட்டுவோருக்கு

இங்கிலாந்தில் குதிரைப் பந்தயம் என்றால் பசும்புல் தரையில் நடப்பது என்பதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. ஆயினும் குளிர்காலத்து மழையிலும் உறைபனியிலும் புல்தரை கெட்டுப் பந்தயங்கள் அடிக்கடி ரத்தாகிவந்தமையால், 1989ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், லிங்ஃபீல்டு மைதானத்தில், எக்காலத்துக்கும் ஏற்ற செயற்கைத் தரையின்மீது முதன்முதலாகக் குதிரைகள் ஓடின. ‘ஆல் வெதர்’ என்று வழங்கும் இப்பந்தயம் இன்று லிங்ஃபீல்டு, கெம்ப்டன், உல்வர்ஹாம்டன், சவுத்வெல், செல்ம்ஸ்ஃபோர்டு, நியூகாசில் ஆகிய ஆறு இடங்களில், மெழுகு பூசிய மணலும் இழைகளும் கலந்த தரையில், வருஷம் முழுவதும் நடைபெறுகிறது.

தரையின் தன்மை அதிகமாய் மாறுவதில்லை. பயிற்சியாளர்களும் ஜாக்கிகளும் மீண்டும் மீண்டும் அதே மைதானங்களுக்கு வருகிறார்கள். ஆகையால், இன்ன பயிற்சியாளர் இன்ன ஜாக்கியை இன்ன மைதானத்தில் அமர்த்தினால் நூற்றுக்கு இருபது வெற்றி என்பது போன்ற கணக்குகள் பந்தயப் பத்திரிகைகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் ஏராளமாய் வெளிவருகின்றன. இவற்றைப் பார்த்துப் பணம் கட்டுவது சூதாட்டமன்று, சாஸ்திரம் என்று எண்ணுகிற படித்த இளைஞர்கள் பலர். அங்கே குடியேறி வாழும் நம்மவர்களும் அவர்களில் அடங்குவர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த எண்ணம் முழுதும் ஆதாரமற்றது என்று நான் சொல்லவில்லை. தேர்ந்த ஜாக்கி ஒருவரைத் தேடி அமர்த்தும் பயிற்சியாளர் அக்குதிரையிடம் ஏதோ நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று ஊகிப்பது நியாயமே. ஆனால் முப்பது சவாரிகளை வைத்துக்கொண்டு பயிற்சியாளரும் ஜாக்கியுமான ஒரு ஜோடியின் யோக்கியதையை நிர்ணயிக்க முயலும்போதுதான் அபாயம் பிறக்கிறது. உண்மையில் நூற்றுக்குப் பத்து வெற்றி பெறும் திறமையே உள்ள நூறு ஜோடிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முப்பது சவாரி கொடுத்துப் பார்த்தால், வெறும் தற்செயலாகவே அவற்றுள் ஏறக்குறைய ஏழு ஜோடிகள் ஆறு வெற்றியோ அதற்கு மேலோ பெற்று, ‘நூற்றுக்கு இருபது’ என்னும் பட்டத்தோடு அட்டவணையின் உச்சியில் வந்து நிற்கும். அட்டவணையைப் படிப்பவர் அந்த ஏழையே காண்கிறார். பின்தங்கிய மற்றவை அவர் கண்ணில் படுவதில்லை. தரையும் சில சமயம் மாறிவிடுகிறது. சவுத்வெல்லில் 2021 டிசம்பரில் பழைய ஃபைபர்சாண்ட் தரையை நீக்கி டாபெட்டா என்னும் வேறு தரையைப் போட்டார்கள். ஆழ்ந்த மணலில் வென்ற குதிரைகளின் பழங்கணக்கு அதற்குப் பின் அநேகமாய்ப் பிரயோஜனமற்றுப் போயிற்று. எந்தக் காலத்துக் கணக்கு, எந்தத் தரையின் கணக்கு என்று கேளாமல் சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் இல்லாத மைதானத்தின்மீது பணம் கட்டுகிறார்.

எனினும் இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. எத்தனை முறை வென்றது என்று கேட்பவர்கள், என்ன விகிதத்தில் வென்றது என்று கேட்பதில்லை. நூற்றுக்கு இருபது முறை மெய்யாகவே வெல்லும் ஜோடியின்மீது, ஒன்றுக்கு மூன்று என்னும் விகிதத்தில் (வென்றால் கட்டிய ஒரு பவுனோடு மூன்று பவுன் லாபம்), தடவைக்கு ஒரு பவுனாக நூறு முறை கட்டினால், கைக்குத் திரும்புவது எண்பது பவுன். இருபது பவுன் நஷ்டம். ஒன்றுக்கு நான்கு கிடைத்தால்தான் போட்ட பணமாவது மிஞ்சும். புகழ்பெற்ற ஜோடியின் கணக்கை எல்லோரும் அறிவார்கள். பந்தயம் வாங்கும் புக்மேக்கரோ அனைவருக்கும் முந்தி அறிவார். ஆகவே அப்புகழின் கிரயம் விகிதத்தில் முன்னதாகவே கழிக்கப்பட்டுவிடுகிறது. அதற்கு மேல் அவருடைய லாபம் வேறு. ஆறு குதிரைகளுக்கும் ஒன்றுக்கு நான்கு என்று விகிதம் எழுதியிருந்தால், ஆறின்மீதும் ஒவ்வொரு பவுன் கட்டியவர் எது வென்றாலும் ஐந்து பவுனே பெறுவார். தப்பித் தவறி இவ்வளவையும் கடந்து தொடர்ந்து லாபம் எடுப்பவருடைய பந்தயத் தொகையைப் புக்மேக்கர் சில்லறைக் காசுகளாகக் குறைத்துவிடலாம்; அவரிடம் பந்தயம் வாங்கியே தீரவேண்டுமென்று அந்நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

இனி உரிமைகளைச் சொல்கிறேன். 1845ஆம் வருஷத்துச் சட்டப்படி பந்தயக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க வழியில்லாதிருந்தது. 2005ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் அமலுக்கு வந்தபின், வென்ற பணத்தைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். வயதையும் அடையாளத்தையும் முன்னதாகவே கேட்டிருக்கக்கூடிய லைசென்ஸ் பெற்ற நிறுவனம், நீங்கள் பணத்தை எடுக்கப் போகும் சமயத்தில் அதையே புதிய நிபந்தனையாக்கி நிறுத்திவைத்தல் விதிக்கு விரோதம். ஆனால் நீங்கள் விகிதம் பேசிக் கட்டிய பிறகு வேறொரு குதிரை விலக்கப்பட்டால், ‘ரூல் 4’ என்னும் விதிப்படி, விலகிய குதிரையின் விகிதத்துக்கேற்ப, உங்கள் லாபத்தில் பவுனுக்கு ஐந்து பென்ஸ் முதல் தொண்ணூறு பென்ஸ் வரை கழிப்பார்கள். இது மோசடியன்று.

தகராறு நேர்ந்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால், அந்நிறுவனம் குறிப்பிட்டுள்ள தனிநடுவர் அமைப்பிடம் செலவின்றிப் போகலாம். பந்தயத் தகராறுகளில் பல நிறுவனங்கள் குறிப்பிடுவது ஐபாஸ் என்னும் அமைப்பையே. லைசென்ஸ் வழங்கும் சூதாட்ட ஆணையம் தனிமனிதரின் பணத்தகராறைத் தீர்த்துவைப்பதில்லை. ஆனால் ஒரு நிறுவனத்துக்கு லைசென்ஸ் உண்டா என்று அதன் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். லைசென்ஸ் இல்லாத இடத்தில் பணம் போட்டவருக்கு இப்பரிகாரங்களில் ஒன்றும் கிடையாது. குதிரை சொல்லி மாதச் சந்தா வாங்கும் ஆலோசகர்களுக்கோ லைசென்ஸே தேவையில்லை. அவர்களில் சிலர், தாம் அனுப்பும் வாடிக்கையாளர் தோற்கும் பணத்தில் புக்மேக்கரிடம் பங்கு பெறுகிறார்கள் என்பதைச் சந்தா கட்டுமுன் நினைக்க வேண்டும்.

கடன் அட்டையால் பந்தயம் கட்டுவதை 2020 ஏப்ரலிலேயே அந்நாடு தடைசெய்துவிட்டது. ஆயினும் வேறு வகையில் கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து பந்தயங்களில் தொடர்ந்து தோற்பது நல்ல கணக்கிலும் நேரக்கூடியதே. அப்பொழுது இழந்ததை மீட்கத் தொகையை இரட்டிப்பாக்கும் கையைத் தடுக்க எந்தப் புள்ளிவிவரத்தாலும் முடியாது. அந்நிலை வந்ததென்று உணர்பவர் காம்ஸ்டாப் திட்டத்தில் பெயர் பதிந்தால், லைசென்ஸ் பெற்ற இணையப் பந்தய நிறுவனங்கள் அனைத்தும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஐந்து வருஷமோ, அவர் தேர்ந்த காலம் முடியும்வரை, அவரைச் சேர்க்கமாட்டா. பந்தயக் கடைகளுக்கு இத்திட்டம் செல்லாது. அங்கே தனியே பதிய வேண்டும். பிரிட்டனில் இருப்போர் 0808 8020 133 என்னும் உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பணம் இழந்தவர் வெட்கத்தால் அழைக்காவிட்டால், அவர் மனைவியோ தகப்பனாரோ தயங்காமல் அழைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.